ஒட்டியாணத்தை இறக்கியாச்சு

மேகம் மறுபடியும் வந்துவிட்டது. ஆடி மாதத்து மேகத்துக்கு வேறு வேலை என்ன இருக்கிறது? மேற்கே குற்றாலத்தில் சாரலாகக் கொட்டுகிறது. பாளையங்கோட்டைக்கு ஒரு சொட்டுத் தருவதில்லை, வெயிலை மட்டும் திறந்து திறந்து மூடுகிறது. போட்டோ பிடிக்க வந்திருந்த தேவசகாயம் கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை எடுத்து அண்ணாந்து பார்த்தார். வெளிச்சம் வரட்டும், அதுவரைக்கும் யாரும் இடத்தைவிட்டு எழுந்திருக்க வேண்டாம் என்றார். அவருக்கென்ன, காலாற நிற்கிறார். உலகம்மைதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த நாளிலிருந்து மாமனார் எதிரில் அவள் தரையில்கூட உட்கார்ந்ததில்லை. கதவோரம் நின்றே பழக்கம். இன்றைக்கு அவருக்கு ஒரு பக்கம் மாமியார், மறுபக்கம் இவள், சரிசமமாக நாற்காலி. மரியாதை அவளுக்கில்லை, அவள் இடுப்பில் இருந்த ஒட்டியாணத்துக்கு. மருமக்கள் பின்னால் நின்றால் இடுப்பு மறைந்துவிடும், ஒட்டியாணம் படத்தில் விழாது, ஆகவே பெரியவளை முன்னால் உட்கார வையும் என்று மாமா தேவசகாயத்திடம் சொல்லிவிட்டார். சக்கரவர்த்தி பிறந்தநாளுக்கு ராவ்சாகிப் பட்டம் வந்த ஆவுடையப்ப பிள்ளை சொன்னால் சொன்னதுதான். நிற்கிறபோது அந்தத் தங்கப் பட்டை சும்மா இடுப்பைச் சுற்றி இருக்கும். உட்கார்ந்தால் அதன் கீழ்விளிம்பு அடிவயிற்றில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அது இந்த வீட்டு ஆண்களுக்கு எங்கே தெரியப்போகிறது. உலகம்மை முதுகை நிமிர்த்திப் பார்த்தாள், கொஞ்சம் இறங்கியது. முதுகு ஓய்ந்து வளைந்ததும் மறுபடி ஏறியது. நிமிர்த்துவதும் வளைவதுமாகக் காலைப்பொழுது போய்க்கொண்டிருந்தது.

அலுப்பாக இருந்தது. தூக்கம் வருகிற அலுப்பு இல்லை, தூங்கி எழுந்தாலும் போகாத அலுப்பு. கண்ணை மூடலாமென்றால் முற்றம் முழுக்க ஆட்கள். ஒட்டியாணத்தின் நடுவில் யானைகள் நீர் ஊற்ற லட்சுமி உட்கார்ந்திருந்தாள், இரண்டு பக்கமும் மயில்கள், சிவப்புக்கல், பின்பக்கம் திருகு. மாமாவைப் பெற்ற அம்மை காலத்தில் செய்தது. இடுப்பைப் பார்த்து ஒட்டியாணம் செய்வது உலக வழக்கம். இந்த வீட்டில் ஒட்டியாணம் முதலில் வந்துவிட்டது, இடுப்புகள் பிறகு வந்தன. வீட்டு மூத்த மருமகள்தான் அதைக் கட்ட வேண்டும், நாள் கிழமைக்கு, கல்யாணத்துக்கு, நெல்லையப்பர் கோயில் தைப்பூசத்துக்கு. மற்ற நாளெல்லாம் அரங்கு அறைக்குள் பெட்டியில் கிடக்கும். மூத்தவள் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், அடுத்து வருகிற வெள்ளிக்கிழமை விளக்குமுன்னால் வைத்து மாமியார் அதை இளைய மருமகள் இடுப்புக்கு மாற்றிவிடுவாள். வயிற்றில் உயிர் இருக்கையில் இடுப்பைப் பொன் நெருக்கக் கூடாது. இந்த வீட்டில் பிள்ளை உண்டாயிருக்கிறது என்று வாயால் சொல்ல மாட்டார்கள், சொன்னால் கண் பட்டுவிடும். 'ஒட்டியாணத்தை இறக்கியாச்சு' என்பார்கள், எல்லாருக்கும் புரிந்துவிடும். ஆண்களுக்குக் கூடப் புரியும். உலகம்மையின் இடுப்பிலிருந்து மூன்று தடவை இறக்கியாயிற்று. மூன்று தடவையும் இளையவள் பகவதி கட்டிக்கொண்டாள். மூன்று தடவையும் அது திரும்பி வந்தது. இறக்குவதற்குப் பேர் இருக்கிறது, திரும்பக் கட்டுவதற்குப் பேர் இல்லை. கோயிலுக்குப் போய்விட்டு வந்த பகவதியின் இடுப்பிலிருந்து கழற்றின கையோடு அத்தை வந்து நிற்பாள், ஒன்றும் பேசமாட்டாள், உலகம்மை கையைத் தூக்கிக்கொள்வாள், பின்னால் திருகு ஏறும். இன்னொருத்தி உடம்புச் சூடு அதில் இருக்கும். அதுதான் அவளுக்கு ஆறவில்லை. ரத்தமாகப் போனதும், துணி துணியாக அலசினதும், மருத்துவச்சி தலையை ஆட்டிவிட்டுப் போனதும் எல்லாம் ஒரு மாதிரி மங்கிவிட்டது. அந்தச் சூடு மட்டும் அப்படியே இருக்கிறது. பகவதி நல்ல பெண், ஒரு சொல் தப்பாகச் சொன்னதில்லை, ஆனால் அவள் வயிற்றில் தங்குகிறது, இவள் வயிற்றில் தங்கவில்லை, அந்தக் கணக்கை ஒரு தங்கப் பட்டை சூட்டோடு கொண்டுவந்து இடுப்பில் கட்டிவிட்டுப் போனால் மனுஷி என்ன செய்வாள்?

ஏன் தங்கவில்லை என்று யோசித்து யோசித்து அவளுக்கே சலித்துவிட்டது. முதல் தடவை தென்காசியில் அம்மை முந்திக்கொண்டு குழந்தைக்குத் தங்க அரைஞாண் செய்து வைத்துவிட்டாள். பிறக்காத இடுப்புக்கு அளவு பார்த்துச் செய்யலாமா? செய்யக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்லுகிறவள் தன் மகளுக்கு மட்டும் ஆசையில் செய்துவிட்டாள். அதனால் போயிற்று. அப்படித்தான் அப்போது நினைத்தாள். இரண்டாம் தடவை அம்மை ஒன்றும் செய்யவில்லை, அந்த அரைஞாணையும் உருக்கிக் கம்மலாக்கிவிட்டாள், அதுவும் போயிற்று. அப்படியானால் அரைஞாண் காரணமில்லை. மூன்றாம் தடவை மாடிப்படி ஏறவில்லை, வாளி தூக்கவில்லை, அன்னாசி வாசனைகூட முகரவில்லை. போயிற்று. எல்லாவற்றையும் தள்ளிப் பார்த்தால் மூன்று தடவைக்கும் பொதுவாக மிஞ்சினது ஒன்றே ஒன்று, ஒட்டியாணத்தை இறக்கினது. இறக்கினவுடன் தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது. பகவதி இடுப்பில் அதைப் பார்த்ததும் மேலத்தெருக்காரிகள் உடனே இவள் வயிற்றைப் பார்க்கிறார்கள். இறக்காமல் இருந்தால்? யாருக்கும் தெரியாமல் இருந்தால்? பைத்தியக்கார யோசனைதான். ஆனால் புத்திசாலி யோசனையெல்லாம் செய்துபார்த்து என்ன கண்டாள்? ஆகவே இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. அவர்களிடம்கூடச் சொல்லவில்லை. அவர்கள் என்றால் சங்கரலிங்கம், அவள் புருஷன், ஊரார் வழக்குக்கெல்லாம் கோர்ட்டில் வாய் கிழியப் பேசுகிற வக்கீல். வீட்டில் ஒட்டியாணம் திரும்பி வருகிற நாளில் மட்டும் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார்.

சொல்லாமல் இருப்பது லேசு இல்லை. மாதாமாதம் தூரம் வரவேண்டுமே, வராவிட்டால் அத்தை கேட்பாளே. வந்த மாதிரி போய் உட்கார்ந்தாள். புறவாசல் ஓரத்து அறையில், தனித் தட்டு, தனிப் பாய், தனிச் செம்பு. தூரமில்லாமலே தூரம். முதல் தடவை போய் உட்காரும்போது சாமி கண்ணைக் குத்தும் என்று பயந்தாள். பிறகு அந்த நாட்கள்தான் அவளுக்குப் பிடித்த நாட்களாகிவிட்டன, சொன்னால் வெட்கக்கேடு. யாரும் தொடமாட்டார்கள், யாரும் வேலை ஏவமாட்டார்கள். வாந்தி வந்தால் வாய்க்கால் பக்கத்திலேயே இருக்கிறது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். பேசமாட்டாள், பேசினால் அதுவே கேட்டுக்கொண்டு போய்விடுமோ என்று. மூச்சை மட்டும் மெதுவாக விடுவாள். சித்திரை விசுவுக்குப் பிறகு வீட்டில் விசேஷம் எதுவும் இல்லை, ஒட்டியாணத்துக்கு வேலை இல்லை. ஆடியில் யாரும் நல்ல காரியம் வைக்க மாட்டார்கள் என்று தைரியமாக இருந்தாள். போட்டோ நல்ல காரியமா கெட்ட காரியமா என்று பஞ்சாங்கத்தில் எழுதவில்லை என்பதை மறந்துவிட்டாள். காலையில் அத்தை பெட்டியோடு வந்து நின்றாள். அப்போதே சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. 'எனக்கு வேண்டாம் அத்தை' என்று அவ்வளவு சொன்னால் போதும், அத்தை மேலே கேட்கவே மாட்டாள், நேராகப் பகவதியிடம் போயிருப்பாள். பழைய கதை மறுபடியும் தொடங்கியிருக்கும். கையைத் தூக்கிக்கொண்டாள். வழக்கமான கண்ணியில் திருகு ஏறவில்லை. அத்தை ஒரு நிமிஷம் நின்றாள். இட்லி கூடுதலோ என்று சொல்லிக்கொண்டு அழுத்தி ஏற்றிவிட்டாள். உலகம்மையும் சிரித்தாள். சிரித்தது ஞாபகம் வந்தபோது இப்போது வாய் கசந்தது.

மேகம் விலகுகிற மாதிரி இருந்தது, பிறகு அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று வந்தது. மாமா இடுப்புப் பக்கம் கையை விட்டுக் கடிகாரத்தை எடுத்தார். அவருக்கும் இடுப்பில் தங்கம்தான், கோட்டுக்கு மேலே தெரிகிற மாதிரி வளைந்து தொங்குகிற சங்கிலி. வேண்டும்போது இழுப்பார், மணி பார்ப்பார், மறுபடி பைக்குள் விட்டுக்கொள்வார். ஆம்பிளைக்கு இடுப்பில் தங்கம் என்றால் அவ்வளவுதான். போன வருஷம் கலெக்டர் பங்களாத் தோட்டத்தில் விருந்து நடந்தபோது கலெக்டர் பெண்டாட்டி, அந்தத் துரைசாணி, பெண்கள் பக்கம் வந்தாள். இவள் எதிரில் நின்று, குனிந்து, ஒட்டியாணத்து மயிலை ஒரு விரலால் தொட்டாள். ஏதோ கேட்டாள். இவளுக்குப் புரியவில்லை. மாமாதான் முன்னால் வந்து இங்கிலீஷில் பதில் சொன்னார், துரைசாணி தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். ராத்திரி சங்கரலிங்கம்தான் சொன்னார்: இதைக் கட்டினால் வலிக்காதா என்று கேட்டாளாம். பழக்கம்தான் என்று அப்பா சொன்னாராம். சொல்லிவிட்டு அவர் சிரித்தார். உலகம்மைக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்து வளர்ந்த ஊரில், வாழ வந்த ஊரில், சொந்தத்தில் சுற்றத்தில் ஒரு பிறவி அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கடல் தாண்டி வந்த எவளோ கேட்டாள், அதற்கும் பதிலை வேறு ஆள் சொல்லிவிட்டார். அந்தத் துரைசாணிக்கு வயிற்றில் எத்தனை தங்கிற்றோ, எத்தனை போயிற்றோ. அவர்கள் ஊரில் அதற்கு என்ன செய்வார்கள்? யாரிடமாவது இறக்கிக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்களா? மாமாவின் கைக்குட்டையிலிருந்து அத்தர் வாசனை வந்தது. நாக்கடியில் நீர் ஊறியது. இப்போது வேண்டாம், இப்போது வேண்டாம், எல்லாரும் பார்க்கிறார்கள். விழுங்கினாள். பின்னால் நின்ற பகவதி தன் முந்தானையால் லேசாக விசிறினாள். அக்காவுக்கு வேர்க்கிறது என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னாள். இவள் இப்படி நல்லவளாக இல்லாமல் இருந்தால் எவ்வளவு சௌகரியமாக இருக்கும், மனதாரத் திட்டவாவது செய்யலாம்.

அப்போதுதான் அந்த வலி வந்தது. வலி என்று சொல்ல முடியாது, உள்ளே ஒரு சின்ன இழுப்பு, இடதுபக்கம், பட்டையின் விளிம்புக்குக் கீழே. வந்த சுவடு தெரியாமல் போயிற்று. உலகம்மை அசையாமல் இருந்தாள். ஒட்டியாணம் அழுத்தினதா, உள்ளே ஏதாவதா? போன தடவையும் இப்படித்தான் இழுத்துக்கொண்டு வந்தது, இல்லை, போன தடவை முதுகில் வந்தது. முந்தின தடவையா? மூன்றும் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, எந்த வலி எந்தப் பிள்ளையுடையது என்று பிரிக்கத் தெரியவில்லை, தாய்க்காரி இப்படி மறக்கலாமா. காற்று இருக்கும். காலையில் சாப்பிட்டது ஆகவில்லை போலும். மறுபடியும் இழுத்தது. இந்தத் தடவை கொஞ்சம் நீண்டு இழுத்தது. பின்னால் கையைக் கொண்டுபோகலாமென்றால் நாற்காலி முதுகு இடிக்கிறது, போனாலும் அந்தத் திருகு ஒரு கைக்கு அடங்காது. கட்டினவள்தான் கழற்ற வேண்டும். எதிரே மூன்று கால் மேல் நின்ற பெட்டியின் கண்ணாடி அவளையே பார்த்தது. துணியை, தோலை எல்லாம் தாண்டி அது பார்த்துவிடுமோ? படம் கழுவி வரும்போது தன் வயிறு இருக்கிற இடத்தில் இன்னொரு சின்ன உருவம் விழுந்திருந்தால்? போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்பார்கள். பெரியவர்கள் ஆயுசில் கொஞ்சம் குறைந்தால் குறையட்டும், ஆயுசே தொடங்காததில் எதைக் குறைப்பது? இறக்கினால் தங்கவில்லை, இறக்காவிட்டால் நெருக்குகிறது. சொன்னால் கண் படும். சொல்லாவிட்டால் இவள் கையாலேயே, இவள் சம்மதத்தோடேயே, இந்தத் தங்கப் பட்டைக்கு அடியில் வைத்து அதை நசுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஒரு போட்டோவுக்காக. மாமாவின் பட்டத்துக்காக. இல்லை, அதுகூட இல்லை, பழியை மாமா மேல் போட வேண்டாம். அந்தச் சூட்டுக்குப் பயந்து. நாளைக்கு இதுவும் போய்விட்டால் இந்த நிமிஷத்தைத்தானே நினைத்துக்கொண்டிருப்பாள், வாயைத் திறந்திருக்கலாமே என்று? முற்றத்தில் வெளிச்சம் பளிச்சென்று வந்தது. தேவசகாயம் துணிக்குள் புகுந்தார், வெளியே வந்தார், எல்லாரும் கண்ணாடியைப் பாருங்கள், நான் சொல்லுகிறவரை ஒருவரும் அசையாதீர்கள் என்றார். பெட்டிக் கண்ணாடியின் மூடியில் கையை வைத்தார். மாமா மீசையைத் தடவி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். மூடி கழன்று வந்துவிட்டது.

"அத்தை, இதை இறக்கிருங்க."

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் மூச்சுவிடாமல் எல்லாரும் நின்றுகொண்டிருந்த நேரம், மேலத்தெருவுக்கே கேட்ட மாதிரி இருந்தது. அத்தனை தலையும் திரும்பிற்று. தேவசகாயம் மூடியை மாட்டிவிட்டு, போயிற்று, படம் விழுகிற தகடு ஒன்று போயிற்று என்று தனக்குள் முனகினார். மாமா என்ன என்ன என்று இரண்டு பக்கமும் பார்த்தார். வடிவம்மாள், உலகம்மையின் மாமியார், எழுந்து வந்தாள், மருமகள் முழங்கையைப் பிடித்துத் தூக்கினாள், நிலைப்படி தாண்டிப் பட்டாசல் கூடத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள். பின்பக்கம் குனிந்து திருகைத் திருப்பினாள். காலையில் அழுத்தி ஏற்றினது, லேசில் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். கழன்று வந்தபோது உலகம்மையின் வயிறு முழுக்கக் காற்று இறங்கிற்று. தூணைப் பிடித்துக்கொண்டாள். புடவைக்கு மேலே வயிற்றில் பட்டை பதிந்த இடம் அத்தையின் கைக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும், ஒரு தடவை தடவிப் பார்த்தாள்.

"எத்தனை மாசம்?"

"மூணு முடிஞ்சிட்டுது."

"அப்ப நீ பொறவாசல்ல போயி உக்காந்ததெல்லாம்?"

"பொய் அத்தை."

வடிவம்மாள் ஏச ஆரம்பித்துவிட்டாள். விளக்கேற்றுகிற வீட்டில் இப்படியா பொய் சொல்வாய், நான் தனித்தட்டில் சோறு வைத்துத் தள்ளிவிட்டேனே, பிள்ளைத்தாய்ச்சிக்கு நீராகாரத்தை ஊற்றிவிட்டு வந்தேனே, எங்கிட்டச் சொன்னால் என்ன, நான் பேயா பிசாசா என்று அடுக்கினாள். குரலை உயர்த்தவில்லை, வெளியே ஆட்கள் இருந்தார்கள். உலகம்மை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றாள். எதிர்த்துப் பேசத் தெம்பில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போயிற்று, இனி சாண் என்ன முழம் என்ன. அந்த அலுப்பிலேயே அவளுக்கு வாய் திறந்தது.

"சொன்னா இறக்குவீங்க. பெறகு ஒரு நாளைக்குத் திரும்பக் கொண்டாந்து கட்டுவீங்க. பிள்ளை போறதைக்கூடத் தாங்கிட்டேன் அத்தை. நீங்க ஒண்ணும் பேசாம வந்து இதைக் கட்டுதீங்க பாத்தீங்களா, அதைத் தாங்க முடியல. இது போனாலும் எனக்குத் திரும்பக் கட்டாதீங்க. அது ஒண்ணு போதும்."

வடிவம்மாள் கையில் ஒட்டியாணம் அப்படியே இருந்தது. அவள் முகத்தில் கோபம் போய் வேறு என்னவோ வந்தது. வேறு யார் வீட்டுச் சமாசாரத்தையோ கேட்ட மாதிரி விழித்தாள்.

"வெறும் இடுப்பா நின்னா ஊரு உன்னை என்னமெல்லாம் பேசும்னுதாம்ளா கட்டுனேன்" என்றாள். "பிள்ளை தங்குனாலும் தங்காட்டாலும் இந்த வீட்டுக்கு மூத்தவ நீதான்னு எல்லாரும் பாக்கட்டும்னு கட்டுனேன். கட்டும்போது ஏதாவது சொன்னா உனக்கு அழுகை வந்திரும்னு வாயை மூடிக்கிட்டேன். நான் உனக்கு மரியாதை செய்யுதேன்னுல்லா நினைச்சேன்."

மரியாதையா. உலகம்மைக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே அடுப்படியில், ஒருத்தி மரியாதை என்று கட்டியிருக்கிறாள், ஒருத்தி தண்டனை என்று கையைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். நடுவில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். பேசக் கூடாதென்று இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் அடக்கிக்கொண்டார்கள். யாரைச் சொல்லி நொந்துகொள்ள? இதை நினைத்து வருத்தப்பட இப்போது முடியாது, இன்னொரு நாளைக்கு உட்கார்ந்து வருத்தப்படலாம். இப்போது வயிறு இழுக்கிறதா என்று கவனித்தாள். இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கவனித்தாள். இல்லை. அதை நம்பவும் பயமாக இருந்தது.

வெளியே மாமா, வடிவு, உள்ளே என்ன நடக்கிறது, வெயில் போகிறது என்று சத்தம் போட்டார். வடிவம்மாள் கதவைத் திறந்தாள். வழக்கமான குரலில்தான் சொன்னாள்: "ஒட்டியாணத்தை இறக்கியாச்சு."

மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு சங்கிலியைத் தடவினார். சங்கரலிங்கம் தலையைக் குனிந்தார், நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார், ஒளிந்துகொள்ளக் கையில் பேப்பர் இல்லை. மாமாதான் முதலில் பேசினார். சரி, நல்லது, சந்தோஷம். அப்படியானால் பகவதி கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்காரட்டும், பெரியவள் பின்னால் போய் நிற்கட்டும், படம் நிற்க வேண்டாம் என்றார். நாற்காலி போயிற்று. மூத்தவள் என்ற இடமும் அதோடு போகிறது என்று உலகம்மைக்குத் தெரிந்தது, நெஞ்சில் சுருக்கென்று குத்தவும் செய்தது. கேட்டது அவள்தானே. பகவதி முன்னால் வந்தாள், பழக்கத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டாள். வடிவம்மாள் அவள் இடுப்பில் அதைச் சுற்றி, பின்னால் போய்த் திருகை ஏற்றினாள்.

"இது இனி உன்னோடதுதான். திரும்பக் கேக்கமாட்டேன்" என்றாள்.

பகவதிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அக்காவைப் பார்த்தாள், அத்தையைப் பார்த்தாள். இது அக்காவுக்குள்ளதாயிற்றே, பிள்ளை பிறந்த பிறகு அவள்தானே கட்ட வேண்டும் என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"பெறந்தாலும் சரி, பெறக்காட்டாலும் சரி. அவளுக்குக் கட்டமாட்டேன்."

அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை அது. பிறக்காட்டால் என்று நினைக்கக்கூடப் பயப்படுவார்கள். மாமா, என்ன பேச்சு இது என்று அதட்டினார். பின்வரிசையில் நின்ற சங்கரலிங்கத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. உலகம்மை மட்டும் அதைக் காது குளிரக் கேட்டாள். பின்னால் போய் புருஷன் பக்கத்தில் நின்றாள். அவர் மெதுவாக அவள் விரலைத் தொட்டார், அவள் கையை எடுத்துக்கொள்ளவில்லை. தேவசகாயம் எல்லாரையும் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார், இருப்பது இன்னும் ஒரு தகடுதான், தயவுசெய்து யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. மூடியைக் கழற்றினார். அப்போதுதான் உலகம்மைக்கு அழுகை வந்தது, மூன்று தடவைக்கும் சேர்த்து வந்தது. அசையாமல், சத்தமில்லாமல், கண்ணாடியைப் பார்த்தபடியே அழுதாள். யாரும் அசையக் கூடாது என்பதால் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, ஒருவரும் தேற்றவில்லை. அவளுக்கு அதுவே நன்றாக இருந்தது.